எத்தனை நாள் என்று மிஸ் சொல்லவில்லை

கொடிகாமத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஓடுகிற தனியார் பஸ்களுக்கு நேரம் கொடுக்கிறது என்ரை வேலை. ரைம்கீப்பர் என்பார்கள். இருபத்திரண்டு வருடம் செய்தேன். விட்டு மூன்று வருடமாகிறது.

இப்போது பஸ்ஸுக்குள் ஒரு பெட்டி பூட்டப் போகிறார்களாம். பஸ் எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்கு எடுத்தது, எல்லாம் அந்தப் பெட்டி சொல்லுமாம். எனக்குப் பிறகு பஸ் நிலையத்தில் என்ரை வாங்குப் பலகையில் இருக்கிற தவம் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணை, பெட்டி வரமுதல் நாங்கள் எப்பிடி நேரம் குடுத்தனாங்கள் எண்டு எழுதித் தாங்கோ. பஸ் சங்கத்து ஆண்டு மலரிலை போடுவம்."

"எனக்கு எழுத வராது. எட்டாம் வகுப்பு."

"இருபத்திரண்டு வருஷம் எழுதினனியள்தானே."

"அது இலக்கம்."

எழுதுவதென்றால் ஒன்றை விட்டுவிட்டு எழுத ஏலாது. அதை முதலே சொல்லிவிடுகிறேன். எட்டு வருடத்துக்கு முன் ஒரு திருவிழா நாள், நான் இரண்டு பஸ்ஸுக்கு ஒரே நேரத்தைக் கொடுத்தேன். இரண்டும் ஒன்றையொன்று துரத்திக் கலைத்து ஓடி, ஒன்று பிரண்டது. என்ரை பிழையை நான் மறைத்தேன். பழி அதை ஓட்டின றைவர் குணத்தின் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து எனக்கு நெஞ்சுக்குள் ஒரு பிடி. அதை ஆரிடம் கொண்டுபோய்ச் சொல்வது என்று தெரியாமல் திரிந்த கதைதான் இது. தவம் கேட்டது வேறை. அவன் போட்டால் போடட்டும்.

வேலை பழகினது ஒரு கிழமையில். எனக்கு முன் இருந்தவருக்குக் கண் தெரியாமல் வந்துகொண்டிருந்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எட்டாம் நாள் அவர் வரவில்லை. நான் இருந்தேன்.

வேலை இதுதான். ஒரு நீளத் தாள். அதுக்குச் சீற் என்று பெயர். இடப்பக்கம் பஸ் இலக்கம், நடுவில் வந்த நேரம், வலப்பக்கம் எடுக்கிற நேரம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பஸ். எடுக்கிற நேரத்தைச் சீற்றில் எழுதி, அதே நேரத்தை ஒரு துண்டிலும் எழுதிக் கொண்டக்டரிடம் கொடுப்பேன். அவர் அதைப் பருத்தித்துறையில் இருக்கிற ரைம்கீப்பரிடம் காட்ட வேணும். துண்டில் இருக்கிற நேரம்தான் நேரம். அதுக்கு ஒரு நிமிடம் பிந்தினால் பின்னால் நிற்கிறவன் ஹோர்ன் அடிப்பான். ஒரு நிமிடம் என்றால் வழியில் நிற்கிற நாலு சனம். நாலு சனத்துக்காக மனிசன் மனிசனின் சேட்டுக் கொலரைப் பிடிப்பான். எல்லாச் சண்டையும் வாங்குக்குத்தான் வரும். அரை நிமிடத்துக்குள் நான் சொல்ல வேணும், நீ போ, நீ நில்.

என்னால் தீர்க்க ஏலாததைச் சங்கச் செயலாளர் தீர்ப்பார். அவரும் ஒரு காலம் பஸ் வைத்திருந்தவர். இப்போது கனடாவில் மகளோடு இருக்கிறார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சண்டை பிடித்த இரண்டு பேரையும் தகரக் கொட்டிலுக்குக் கூப்பிடுவார். மூன்று பிளேன்ரீ சொல்லுவார். குடித்து முடியும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. சுடச்சுட இருக்கும். ஊதி ஊதிக் குடிக்கக் கோபம் பாதி போய்விடும். பிறகு ஆளுக்கு ஒரு கேள்வி. ஒன்றுதான். மறுமொழி கேட்டதும் கைவிரலைக் காட்டுவார். இரண்டு விரல் என்றால் இரண்டு நாள் பஸ் ஏறக் கூடாது. பிந்தினால் ஒன்று. தூசணம் பேசினால் இரண்டு. கை வைத்தால் ஏழு. அதுக்கு மேல் கதை இல்லை. தண்டனை முடிந்து வருகிறவனை ஒருவரும் பழையதைச் சொல்லிக் குத்தக் கூடாது. அதுவும் அவரின் சட்டம். அந்தச் சட்டம் எனக்குப் பிடிக்கும்.

இனி அந்த நாள்.

திருவிழாவுக்குச் சனம் நிறைய. வழமை பஸ்ஸோடு மூன்று பஸ் கூடப் போட்டார்கள். கூடப் போட்டதில் ஒன்று குணத்தின் பஸ். அது சந்தைப் பக்கம் நின்று சனம் ஏற்றியது. வழமை பஸ் என்ரை வாங்குக்கு முன்னால் நின்றது. அந்த நேரம் இரண்டு கொண்டக்டர்மார் ஒரு மூட்டைக்காரிக்காக இழுபறிப்பட்டார்கள், நான் ஏற்றுறன் நான் ஏற்றுறன் என்று. நான் எழும்பிப் போய் விலக்கிவிட்டு வந்தேன். வந்து இருக்க, குணத்தின் கொண்டக்டர் ராசன் ஓடிவந்து கையை நீட்டினான்.

"அண்ணை, கெதியிலை. பஸ் நிறைஞ்சிட்டுது. அவர் ஹோர்னிலை ஏறி இருக்கிறார்."

அவர் என்றது குணத்தை. ராசன் கட்டினது குணத்தின் தங்கச்சியை. நான் துண்டில் பத்தே முக்கால் என்று எழுதிக் கொடுத்தேன். அவன் அதைப் பார்க்காமலே கொண்டு ஓடிக் குணத்திடம் கொடுத்துவிட்டான். முன்னால் நின்ற பஸ்ஸுக்கும் பத்தே முக்கால் என்றுதான் கொடுத்திருந்தேன். சீற்றில் ஒன்றின்கீழ் ஒன்றாய் இரண்டு பத்தே முக்கால். கண்ணுக்கு முன்னால் இருந்தது. நான் காணவில்லை.

இரண்டு றைவர்மாரும் பருத்தித்துறை றோட்டில் ஏறினார்கள். இவன் என்ரை நேரத்தைக் களவெடுக்கிறான் என்று அவன் நினைத்தான். அவன் களவெடுக்கிறான் என்று இவன். வரணி ஊருக்கு அங்காலை ஒரு பக்கம் வெட்டவெளி, மற்றப் பக்கம் தண்ணி. அங்கே குணம் முந்தப் போனான். சில்லு தாரை விட்டு இறங்கியது. பஸ் சரிந்து தண்ணிப் பக்கம் பிரண்டது. சனத்துக்குக் காயம். சாவு இல்லை. மிதிபலகையில் நின்ற ராசனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது.

எனக்குப் போன் வந்தது. அப்போதுதான் சீற்றைப் பார்த்தேன்.

நான் யோசிக்கவில்லை. புதுத் தாள் எடுத்தேன். காலையிலிருந்து எழுதின எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எழுதினேன். குணத்தின் வரிசை வந்ததும் பதினொன்று என்று எழுதினேன். எழுத்து நல்லாய் இருந்தது. பழைய தாளைத் தேத்தண்ணிக் கடை அடுப்பில் போட்டேன். குணத்திடம் இருந்த துண்டு பஸ்ஸோடு தண்ணிக்குள் போய்விட்டது. அது பிறகுதான் எனக்குத் தெரியும்.

பொலிஸ் கேஸ் வேறை. முந்தப் போனது குணம்தான், அதை அவன் மறுக்கவில்லை. சங்கத்து விசாரணையில்தான் அவன் சொன்னான், "எனக்குப் பத்தே முக்கால் எண்டு துண்டு தந்தது. நான் களவாய் எடுக்கேல்லை" என்று. செயலாளர் பிளேன்ரீ சொன்னார். குடித்தோம். என்னிடம் ஒரு கேள்வி.

"சீற் சரியோ?"

"ஓம்."

குணத்துக்கு விரல் காட்டவில்லை. "இனி வேண்டாம்" என்றார். பிறகு ஒரு முதலாளியும் அவனுக்குப் பஸ் கொடுக்கவில்லை. ராசன் ஆஸ்பத்திரியால் வந்து, பதினைந்து நிமிடம் பொறுக்க ஏலாதவன் என்ரை காலைத் தின்றான் என்று சொன்னானாம். தங்கச்சியும் தமையனோடு பேச்சை விட்டாளாம்.

நான் இன்னும் ஐந்து வருடம் அந்த வாங்கில் இருந்தேன்.

பிடி அப்போதே இருந்தது. வேலையில் இருக்கும்போது தெரியவில்லை. வேலையை விட்டு வீட்டில் இருக்கத்தான் கூடினது. றோட்டில் ஹோர்ன் கேட்டால் மூச்சு மேலே நிற்கும். டொக்டரிடம் போனேன். ஈ.சி.ஜி. எடுத்தார். ரத்தத்தில் சீனி பார்த்தார். குளிசை மாத்திரை தந்தார்.

"ஐயா, நெஞ்சிலை ஒண்டுமில்லை. உது யோசினை. ஆரோடையும் கதைக்க வேணும்."

"ஆரோடை?"

"உளவளத்துணையாளர் எண்டு இருக்கினம். அவையோடை."

அந்தச் சொல்லை என்ரை மனிசிக்குச் சொல்லி முடிக்கவே எனக்குப் பெரும்பாடு. அவள் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஐயர் நட்சத்திரம் கேட்டு நூல் கட்டினார். பிறகு சாத்திரியிடம் போனோம். அவர் பிறந்த நேரம் கேட்டார். டொக்டர் சாப்பாடு கேட்டார். எல்லாரும் ஏதோ ஒன்று கேட்டார்கள். என்னத்தைச் செய்தனி என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ, அதுவும் தெரியாது.

பிரதேச செயலகத்தில் அப்படி ஒரு பிள்ளை வேலை செய்கிறாள் என்று அறிந்து போனேன். கதவைத் திறந்தால், எங்கள் பாதையில் பஸ் விடுகிற ஒருவரின் மகள். சின்னனில் வெள்ளைச் சட்டையோடு என்ரை வாங்கில் இருந்து பஸ் பார்த்தவள்.

"ஐயோ மாமா! நீங்களோ! இருங்கோ இருங்கோ. அப்பா உங்களைக் கேட்டபடி. என்ன விஷயமாய் வந்தனியள்?"

சுவரில் முதியோர் அடையாள அட்டை பற்றி ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதைக் காட்டினேன். அவளே படிவம் நிரப்பி, அடுத்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், எல்லாம் செய்து தந்தாள். நல்ல பிள்ளை. வீட்டுக்கு வர மனிசி கேட்டாள்.

"கதைச்சியளோ?"

"ஓம்."

"என்ன சொன்னவ?"

"எனக்கு வயது போட்டுதாம்."

ஊரில் இது சரிவராது என்று கண்டேன். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், அல்லது என்ரை பஸ்ஸில் போனவர்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு இடம் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிப் போனேன். விறாந்தையில் வாங்குகள். இருபது பேர் வரையில். ஆர் முதல் வந்தது, ஆர் பிறகு வந்தது, ஒரு ஒழுங்கும் இல்லை. கதவு திறக்க நாலு பேர் எழும்பினார்கள். ஒரு தாய் அழுகிற பொம்பிளைப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

எனக்குப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாமல் போனது. சேட்டுப் பையில் எப்போதும் பேனையும் தாளும் இருக்கும். துண்டு துண்டாய்க் கிழித்தேன். வந்த நேரம் கேட்டு இலக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. நீட்ட வாங்கினார்கள்.

"ஐயா, நான் ஒன்பதுக்கே வந்தனான்."

"பொய் சொல்லாதை. நீ எனக்குப் பிறகு வந்தனி. ஒன்பது இருபத்தைஞ்சு. இந்தா, ஏழு."

தூரத்தால் வந்தவர்களை முன்னால் விட்டேன். அழுகிற பிள்ளையை முதல் விட்டேன். என்ரை இலக்கம் ஐந்து. அதை ஒரு கிழவிக்குக் கொடுத்தேன். பத்தொன்பதாம் ஆள் உள்ளே போகப் பின்னேரமாகிவிட்டது. கடைசி பஸ்ஸைப் பற்றி யோசினை வந்தது. வந்துவிட்டேன். சொன்னால் சிரிப்பீர்கள், அன்று நெஞ்சு பிடிக்கவே இல்லை.

அடுத்த செவ்வாயும் அப்படியே. அதுக்கு அடுத்ததும். மூன்றாம் நாள் என்னைக் கண்டதும் சனம் எழும்பி இலக்கம் வாங்க வந்தது. மனிசிக்கு நான் ஒழுங்காய்ப் போகிறேன் என்று சந்தோசம். நான் போனேன்தான்.

நாலாம் நாள் அறைக்குள் இருந்து எல்லாரோடும் கதைக்கிற உளவளத்துணை மிஸ்ஸே வெளியே வந்தா. நாற்பது வயதிருக்கும். கண்ணாடி போட்டவ.

"ஐயா, நீங்கள் எந்தப் பகுதியிலை வேலை? உங்களுக்கு ஒரு நன்றி சொல்லவேணும் எண்டு இருந்தனான்."

நான் என்ன சொல்ல? கையில் துண்டுகள் இருந்தன.

"நானும் காட்ட வந்த வருத்தக்காரன் மிஸ்."

அவ சிரிக்கவில்லை. "அப்ப உங்கடை இலக்கம் எங்கை?" என்று கேட்டா. என்னிடம் இருக்கவில்லை. "உள்ளை வாங்கோ" என்றா.

உள்ளே இரண்டு கதிரை, ஒரு மேசை. கதவைச் சாத்தினா. நான் கேள்வி வரும் என்று இருந்தேன். வரவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்று நிமிடம் போனது. மூன்று நிமிடம் என்றால் எங்கள் இடத்தில் ஒரு சண்டை தொடங்கி முடிந்துவிடும்.

"மிஸ், வெளியிலை சனம் நிக்குது."

"நிக்கட்டும். இது உங்கடை நேரம்."

"எவ்வளவு?"

"புதிசாய் வாறவைக்கு முக்கால் மணித்தியாலம்."

ஒருவனுக்கு முக்கால் மணித்தியாலம்! மூன்று பஸ் விடலாம். நான் சொன்னேன், எனக்கு ஒன்றும் இல்லை, ஹோர்ன் சத்தம்தான் ஒத்துவருகுதில்லை என்று. ஓம் என்றா. அன்று அவ்வளவுதான். எழும்பி வந்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இதுக்கோ டொக்டர் அனுப்பினவர்?

ஆனாலும் அடுத்த செவ்வாயும் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாலாம் தரம் உள்ளே போனபோது, அவ ஒன்றும் கேட்காமல் இருக்க, நான் சொல்லத் தொடங்கிவிட்டேன். மூட்டைக்காரியிலிருந்து அடுப்பு வரைக்கும். ஒரு சீற்றை வாசிக்கிற மாதிரித்தான் சொன்னேன். பதினொரு நிமிடம் எடுத்தது. எட்டு வருடம் வைத்திருந்தது பதினொரு நிமிடம்தான்.

முடிந்ததும் அவவின் கையைப் பார்த்தேன். மேசையில் இருந்தது. அசையவில்லை.

"எத்தினை நாள், மிஸ்?"

"என்ன நாள், ஐயா?"

செயலாளரின் விரலைப் பற்றிச் சொன்னேன். பிந்தினால் ஒன்று, கை வைத்தால் ஏழு. சீற்றை மாற்றினதுக்கு முன்னம் ஒருத்தருக்கும் தண்டனை கொடுத்ததில்லை. அதனால் எனக்குத் தெரியாது. நீங்கள் படித்தவ, சொல்லுங்கோ. எவ்வளவு என்றாலும் இருக்கிறேன்.

அவ கண்ணாடியைக் கழற்றினா. "என்னட்டை நாள் இல்லை, ஐயா" என்றா.

"அப்ப ஆரிட்டை இருக்கு?"

அவ கண்ணாடியைத் துடைத்துத் திரும்பப் போட்டா. எனக்குக் கோபம் வந்தது. வெளியே வந்து பஸ் ஏறி வீடு வரும்வரை கோபம். மற்ற எல்லாரும் ஏதாவது தந்தார்கள். குளிசை தந்தார்கள், நூல் தந்தார்கள், அட்டை தந்தார்கள். இவ கேள்வியையும் என்னிடமே தந்து அனுப்பிவிட்டா.

நாள் ஆரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் கேட்கவில்லை.

குணம் கொழும்புத்துறையில், மனிசியின் ஊரில் இருக்கிறான். கரையில் மீன்பெட்டி ஏற்றுகிற வேலை. நான் போகக் காலமை ஒன்பது மணி இருக்கும், ஐஸ் தண்ணி வழிய ஒரு பெட்டியை லொறியில் வைத்துவிட்டுத் திரும்பினான். தலை நல்லாய் நரைத்துவிட்டது. என்னைக் கண்டு அடையாளம் பிடிக்கக் கொஞ்ச நேரம் சென்றது.

"ரைம்கீப்பர் அண்ணையோ? என்ன, மீனுக்கும் நேரம் குடுக்க வந்தனியளோ?"

நான் நின்றபடியே சொன்னேன். "குணம், உனக்கு நான் பத்தே முக்கால்தான் தந்தனான். சீற்றை மாத்தி எழுதினது நான்."

அவன் உடுத்திருந்த சாரத்தில் கையைத் துடைத்தான். திரும்பத் திரும்பத் துடைத்தான். அடிப்பான் என்று நின்றேன். அடித்தால் நல்லது என்றும் இருந்தது.

"எட்டு வருஷம் லேற் அண்ணை" என்றான்.

"ஓம்."

"ஆர் உம்மை இப்ப அனுப்பினது?"

"ஒருத்தரும் இல்லை. யாழ்ப்பாணத்திலை ஒரு மிஸ்ஸிட்டைப் போறனான், மனசுக்கு."

"அவ போகச் சொன்னவவோ?"

"இல்லை. அவ ஒண்டும் சொல்லுறேல்லை."

"ஒண்டும் சொல்லாததுக்கோ கிழமைக் கிழமை பஸ் ஏறிப் போறீர்?"

"ஓம்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடியமுதல் முகம் வேறை மாதிரிப் போனது. லொறிக்காரன் கூப்பிட்டான். குணம் "பொறடா!" என்று அவனுக்குக் கத்தினான். என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"நீர் சொன்னதை எழுதித் தருவீரோ?"

"சங்கத்துக்குக் கடிதம் குடுத்திட்டன். மலரிலும் எழுதப் போறன். உன்ரை பேரை எழுதட்டோ?"

"எழுதும். பேர் கெட்டது பேரோடைதானே." பிறகு சொன்னான், "கடுதாசி கிடக்கட்டும். ராசனிட்டை வாரும். இப்பவே. அவன்ரை காது கேக்கச் சொல்லும்."

அண்ணை நீங்கள் என்றவன் நீர் என்று வந்துவிட்டான். அது சரிதான்.

ராசன் இருக்கிறது கொடிகாமத்துக்குப் பக்கத்தில். இரண்டு பஸ் மாறிப் போனோம். அவன் முன்னுக்கு, நான் பின்னுக்கு. வீட்டு வாசல் படலையடியில் குணம் நின்றுவிட்டான். "நீர் போம்" என்றான். எட்டு வருடம் அந்தப் படலை தாண்டாதவன்.

ராசன் முற்றத்தில் கதிரையில் இருந்தான். பொய்க்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தான். மனிசி, குணத்தின் தங்கச்சி, மிளகாய் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். நான் அங்கேயும் நின்றபடியே சொன்னேன். மூன்றாம் தரம் சொல்கிறேன். லேசாய் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பத்தே முக்கால் என்ற இடத்தில் அறுந்துபோனது. திரும்பத் தொடங்கிச் சொன்னேன்.

ராசன் என்னைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தான். இருக்கிற காலை. மிளகாயில் இருந்து கையை எடுக்காமல் அவள் அப்படியே நின்றாள். கனநேரம். நான் மணிக்கூடு பார்க்கவில்லை, எவ்வளவு என்று சொல்லத் தெரியாது.

பிறகு அவன் மனிசிக்குச் சொன்னான்.

"படலையடியிலை உன்ரை அண்ணை நிக்கிறார் போலை. வெய்யில். உள்ளை வரச்சொல்லு."

அவள் ஓடினாள். கையிலிருந்த மிளகாய் கொட்டுப்பட்டது. என்னை ஒருவரும் இரு என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் வெளியே நடந்தேன். படலையில் குணமும் நானும் ஒருவரை ஒருவர் கடந்தோம். அவன் ஒதுங்கி எனக்கு வழி விட்டான். உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டது.

றோட்டுக்கு வந்து நின்றேன். ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. நெஞ்சு பிடிக்கிறதோ என்று பார்த்தேன். பிடித்தது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. எனக்குப் பிடிபடவில்லை. செவ்வாய்க்கிழமை மிஸ்ஸிடம் கேட்க வேணும்.

அவ சொல்லமாட்டா.